பிளாக் டேங்க்குக்குத் தண்ணி கொடுங்க

[ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.]

சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க யாராவது இருந்தா, இப்போ நிறுத்திட்டு, சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வாங்க. நாங்க எங்கேயும் போயிட மாட்டோம். ஏன்னா இன்னைக்குப் பேசப் போறது முழுக்க முழுக்கக் கழிவுத் தண்ணி பத்தி. கேம்பர் டிரெய்லர்ல இருக்குற கழிவு டேங்க்கை எப்படிக் காலி பண்றது, எப்படிச் சுத்தமா வெச்சுக்கிறது.

பழைய டிரெய்லர் வாங்குறதைப் பத்தி முன்னாடி ஒரு எபிசோடில் பேசினேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "எல்லாம் சரி சார், அந்த டாய்லெட் விஷயம் எப்படி?" ஒருத்தர் இன்னும் நேராவே எழுதியிருந்தார், அதுக்காகவேதான் அவர் வீட்டில் டிரெய்லர் வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். அந்தப் பயம் நியாயமானதுதான். எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் நான் பண்ணின தப்பால, எங்கம்மா டெக்சாஸ் வெயிலில் மயங்கி விழுற நிலைமைக்கு வந்துட்டாங்க. அந்தக் கதையைச் சொல்லாம இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தெரியலை. அதனால ரெண்டையும் கலந்தே சொல்றேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக அடிப்படை. டிரெய்லருக்கு அடியில் மூணு டேங்க் இருக்கும். ஒண்ணு ஃபிரெஷ் டேங்க், நல்ல தண்ணி. ரெண்டாவது கிரே டேங்க். கிச்சன் சிங்க், குளிக்கிற தண்ணி, வாஷ் பேசின் எல்லாம் அதுக்குப் போகும். மூணாவது பிளாக் டேங்க். பேரே சொல்லுது, டாய்லெட்ல போறது மட்டும் அதுக்குள்ள. எங்க டிரெய்லர்ல பிளாக் டேங்க் 30 கேலன், அதாவது 113 லிட்டர் சொச்சம். நம்ம ஊர் பெரிய நீல டிரம்ல பாதின்னு வெச்சுக்குங்க. வீட்டு டாய்லெட் மாதிரி இதுக்கு வளைஞ்ச குழாய் கிடையாது. பெடலைக் காலால அழுத்தினா ஒரு மூடி திறக்கும், எல்லாம் நேரே கீழே டேங்க்குக்குள்ள விழும். எட்டிப் பார்த்தா டேங்க்கோட தரையே தெரியும். இந்த நேர்க்கோட்டை ஞாபகம் வெச்சுக்குங்க, பிறகு வேணும்.

கிரே, பிளாக் ரெண்டுக்கும் தனித்தனியா இழுத்துத் திறக்கிற வால்வ் இருக்கும். ரெண்டும் சேர்ந்து 3 இன்ச் குழாய் ஒண்ணு வழியா வெளியே வரும். அதில் ஹோஸை மாட்டி, டம்ப் ஸ்டேஷன்ல தரையில் இருக்கிற ஓட்டையில் விடணும். சில கேம்ப்கிரவுண்ட்ல உங்க சைட்லயே அந்த ஓட்டை இருக்கும். அதைத்தான் ஃபுல் ஹூக்கப்னு சொல்றாங்க. தண்ணி, கரண்ட், கழிவுக் குழாய் மூணும் உங்க வாசல்லயே.

இப்போ கதைக்கு வர்றேன். போன வருஷம் ஜூன்ல அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தாங்க. 71 வயசு. முட்டி வலி உண்டு. மத்தபடி தெம்பானவங்க. நான், என் மனைவி, ரெண்டு பசங்க, அம்மா, ஆக அஞ்சு பேர். டாலஸ்லிருந்து கிளம்பி முதல்ல விச்சிட்டா ஃபால்ஸ் பக்கத்துல ஒரு தனியார் பார்க்ல நாலு நாள். அங்கே ஃபுல் ஹூக்கப். டிரெய்லர் வாங்கி எங்களுக்கு அது மூணாவது பயணம்தான். கழிவுக் குழாய் வாசல்லயே இருக்கே, எதுக்கு டேங்க்ல சேர்த்து வைக்கணும்? ஹோஸை மாட்டி, கிரே வால்வையும் பிளாக் வால்வையும் திறந்து விட்டுட்டேன். நாலு நாளும் திறந்தே இருந்தது. வீட்டு டாய்லெட் மாதிரி அப்பப்போ போயிடும்னு நினைப்பு. எவ்வளவு புத்திசாலின்னு நானே என்னை மெச்சிக்கிட்டேன்.

இதை விடப் பெரிய தப்பு இதில் கிடையாது. ஏன்னு சொல்றேன். வால்வ் திறந்திருந்தா தண்ணி மட்டும் உடனே ஓடிடும். கெட்டியா இருக்கிறது ஓடாது, டாய்லெட்டுக்கு நேர் கீழே தரையில் உக்காந்துக்கும். அடுத்தது அது மேல விழும். அதுக்கு மேல பேப்பர். டெக்சாஸ் சூட்டில் காய்ஞ்சு, மேல மேலக் குவிஞ்சு, ஒரு சின்னக் கோபுரம். இங்கே டிரெய்லர்காரங்க இதைப் பிரமிட்னு சொல்வாங்க, சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. அனுபவிச்சவங்க சிரிக்க மாட்டாங்க.

அஞ்சாம் நாள் வால்வை மூடிட்டு, டேங்க் காலின்னு நினைச்சுக்கிட்டு, பாலோ டூரோ கேன்யன் ஸ்டேட் பார்க்குக்குக் கிளம்பினோம். டெக்சாஸோட வடக்கு மூலையில், அமரில்லோவுக்குத் தெற்கே இருக்கு. கிராண்ட் கேன்யனைப் பார்க்கப் போறவங்க இதைத் தாண்டிப் போயிடுறாங்க, ஆனா சிவப்புப் பாறையும் பள்ளத்தாக்குமா அவ்வளவு அழகான இடம். உள்ளே இறங்குற ரோடு நல்ல சரிவு. டிரெய்லரை இழுத்துக்கிட்டு இறங்கும்போது என் மனைவி கையில இருந்த காபி டம்ளரைக் கடைசி வரைக்கும் வாய்கிட்ட கொண்டு போகவே இல்லை. அங்கே எங்க சைட்ல தண்ணியும் கரண்ட்டும் இருந்தது, கழிவுக் குழாய் கிடையாது. பார்க்குக்குப் பொதுவா ஒரு டம்ப் ஸ்டேஷன்.

மறுநாள் காலையில் பேனல்ல பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். பிளாக் டேங்க் ஃபுல்னு நாலு லைட்டும் எரியுது. ஒரே ராத்திரியில் 30 கேலனா? அஞ்சு பேர்னாலும் அது நடக்காத காரியம். அப்போவே சந்தேகப்பட்டிருக்கணும். ஆனா எனக்கு என்ன பயம் தெரியுமா, நிரம்பி வழிஞ்சு டாய்லெட் வழியா மேல வந்துடுமோன்னு. டம்ப் ஸ்டேஷனுக்குப் போகணும்னா டிரெய்லரை மறுபடியும் டிரக்ல மாட்டணும், ஜாக்கையெல்லாம் ஏத்தணும், பந்தலைச் சுருட்டணும். மூணு நாள்தானே, சமாளிச்சுக்கலாம்னு நான் என்ன பண்ணேன், எல்லாரையும் கூப்பிட்டு, "டேங்க் ஃபுல் ஆயிடுச்சு, டாய்லெட்டை ரொம்ப அவசரத்துக்கு மட்டும் யூஸ் பண்ணுங்க. மத்தபடி அங்கே பொதுக் குளியலறை இருக்கு, அங்கே போங்க. தண்ணி ரொம்பக் கம்மியா விடுங்க"ன்னு சட்டம் போட்டேன்.

எங்கம்மாவைப் பத்தி இந்த இடத்தில் ஒண்ணு சொல்லணும். அம்மா இருக்கிறது ஆதம்பாக்கம். 2019 கோடை ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வத்திப்போச்சு. தண்ணி லாரிக்குப் பிளாஸ்டிக் குடத்தோட வரிசையில் நின்ன கூட்டத்தில் எங்கம்மாவும் ஒருத்தர். அரிசி களைஞ்ச தண்ணியை இன்னைக்கு வரைக்கும் சிங்க்ல கொட்ட மாட்டாங்க, செடிக்குத்தான். அப்படிப்பட்டவங்ககிட்ட, "தண்ணி கம்மியா விடு, டேங்க் நிறைஞ்சிடுச்சு"ன்னு சொன்னா என்ன ஆகும்?

பொதுக் குளியலறை எங்க சைட்லிருந்து ஒரு 200 அடி எடுத்து வைக்கிற தூரம். ஏத்தம் வேற. முட்டி வலியோட, ராத்திரி இருட்டுல, பாம்பு இருக்கும்னு பசங்க வேற பயமுறுத்தி வெச்சிருக்காங்க. அம்மா யார்கிட்டேயும் எதுவும் சொல்லலை. தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டாங்க.

அவ்வளவுதான். குடிச்சாத்தானே போகணும். நம்ம வீட்டுப் பெண்கள் பஸ் பயணத்துக்கு முன்னாடி, கல்யாண மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடி, ஸ்கூல்ல டாய்லெட் சரியில்லைன்னா அதுக்காகன்னு சின்ன வயசுலேருந்து பழகி வெச்சிருக்கிற வித்தை அது. நாம ஆம்பளைங்க கவனிக்கிறதே கிடையாது. வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல, நம்ம கணக்குல 38, 39. காத்துல ஈரமே கிடையாது, வேர்க்கிறதே தெரியாது. ரெண்டு நாள் அப்படி இருந்திருக்காங்க. மூணாம் நாள் காலையில் எழுந்திருக்கும்போது தலை சுத்தி, டேபிளைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. உதடெல்லாம் வெடிச்சிருந்தது. உடம்பு சுட்டது.

அமரில்லோவில் ஒரு எர்ஜென்ட் கேருக்கு ஓடினோம். உடம்புல நீர் வத்தியிருக்கு, அதோட சிறுநீர்த் தொற்றும் இருக்குன்னு சொன்னாங்க. ஆன்டிபயாட்டிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பினாங்க. விசிட்டர் இன்ஷூரன்ஸ் கதை தனிக் கதை, இன்னொரு நாள் சொல்றேன். திரும்பி வரும்போது டிரக்ல என் மனைவிகிட்ட அம்மா மெதுவா சொன்னது எனக்கும் கேட்டது. "அந்த லைட்டு எரியுதுன்னு சொன்னானேடி. நான் வேற போய் அதை நிரப்பணுமான்னுதான்."

எனக்கு அப்போ ஸ்டீரிங்கைப் பிடிச்சிருக்கவே முடியலை.

சாயங்காலம் பக்கத்து சைட்ல இருந்த அம்மையார் வந்து என்ன ஆச்சுன்னு விசாரிச்சாங்க. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் ரிட்டயர்டு ஆகி, வீட்டை வித்துட்டு, வருஷம் முழுக்க டிரெய்லர்லயே இருக்கிறவங்க. நான் எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இதுக்கு முந்தின பார்க்ல பிளாக் வால்வைத் திறந்து வெச்சிருந்தியா?" ஆமான்னேன். "அப்போ உன் டேங்க் நிறையலை. காய்ஞ்சு கிடக்கு. போய் டார்ச் அடிச்சுப் பாரு."

பெடலை அழுத்திட்டு டார்ச் அடிச்சேன். முதல்ல சொன்னேனே, நேரே தரை தெரியும்னு. தரை தெரிஞ்சது, சுத்தி. நடுவில் கோபுரம். தண்ணி ஒரு ரெண்டு இன்ச் கூட இல்லை. நான் ஃபுல்னு சட்டம் போட்ட டேங்க் முக்கால்வாசி காலி.

அப்போ லைட் ஏன் ஃபுல்னு காட்டினது? இது எல்லா டிரெய்லர்லயும் இருக்கிற வியாதி. டேங்க் சுவர்ல வெவ்வேற உயரத்தில் சின்னச் சின்ன உலோக முனைகள் வெச்சிருப்பாங்க. தண்ணி அந்த உயரத்தைத் தொட்டா முனைகளுக்கு நடுவுல கரண்ட் போகும், லைட் எரியும். ரொம்ப எளிமையான ஏற்பாடு. ஆனா ஈரப் பேப்பர் ஒரு துண்டு அந்த முனையில் ஒட்டிக்கிட்டாலோ, பிசுக்கு படிஞ்சாலோ, தண்ணியே இல்லைன்னாலும் கரண்ட் போகும், லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால பிளாக் டேங்க் பேனலை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. காலி பண்ணி எத்தனை நாள் ஆச்சு, எத்தனை பேர், அதைக் கணக்கு வைங்க. சந்தேகம்னா டார்ச். டேங்க் வெளிச்சுவர்ல ஒட்டுற மாதிரி வேற வகை சென்சாரும் கிடைக்குது. கழிவே தொடாததால அது இந்த மாதிரிப் பொய் சொல்றது குறைவு. நான் பிறகு அதைத்தான் போட்டேன். விலை கொஞ்சம் அதிகம்.

சரி, கோபுரத்தை எப்படி இடிக்கிறது? நான் கேட்டது, எந்தக் கெமிக்கல் வாங்கணும்னு. அந்த அம்மையார் சொன்னது ஒரே வார்த்தை. தண்ணி. அவங்ககிட்ட இருந்த 5 கேலன் பக்கெட்டை எடுத்துக் கொடுத்தாங்க. சைட்ல இருந்த குழாயில் பிடிச்சு, பாத்திரம் கழுவுற சோப் கொஞ்சம் கலந்து, பெடலை அழுத்திக்கிட்டு மேலேயிருந்து வேகமா ஊத்தணும். நாலு பக்கெட் ஊத்தினேன். 20 கேலன். ராத்திரி முழுக்க அப்படியே ஊற விட்டோம். காய்ஞ்சதை ஊற வைக்கிறதுதான் பாதி வேலை, அடிப்பிடிச்ச பாத்திரத்துக்கு நாம பண்றதுதானே. மறுநாள் டிரெய்லரை மாட்டி, பார்க் ரோட்டில் மெதுவா ரெண்டு சுத்து. உள்ளே தண்ணி அலைமோதும்போது மிச்சமும் கரையும். ஆனா ஒண்ணு, 30 கேலன் தண்ணி 250 பவுண்டு எடை. ஃபுல் டேங்க்கோட நெடுந்தூரம், செங்குத்தான ஏத்தம் எல்லாம் வேண்டாம். பக்கத்துல இருக்கிற டம்ப் ஸ்டேஷனுக்குப் போறதுன்னா சரி.

டம்ப் ஸ்டேஷன்ல என்ன செய்யணும்னு இப்போ வரிசையா சொல்லிடுறேன், பலர் கேட்டது இதைத்தான்.

கிளவுஸ் போட்டுக்குங்க. தூக்கிப் போடுற மெல்லிசு கிளவுஸ் ரெண்டு ஜோடி, முடிஞ்சா முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கிளவுஸ். செருப்பு வேண்டாம், ஷூ. முதல்ல ஹோஸோட ஒரு நுனியைத் தரையில் இருக்கிற ஓட்டையில் வெச்சு, அது எகிறாம இருக்க ஒரு கல்லையாவது மேல வைங்க. அதுக்குன்னே ரப்பர் வளையம் விக்குது, நல்லாப் பிடிச்சுக்கும். பிறகு டிரெய்லர் குழாய் மூடியைத் திறக்கணும். திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வால்வும் மூடியிருக்கான்னு பாருங்க, அடியில் ஒரு பக்கெட் வைங்க, நேரா எதிர்ல நிக்காதீங்க. வால்வ் கொஞ்சம் கசிஞ்சிருந்தா மூடிக்குப் பின்னாடி தேங்கியிருக்கும். பழைய டிரெய்லர் வாங்கினவங்களுக்கு இது கட்டாயம் ஒரு தடவை நடக்கும், எனக்கு நடந்தது, அந்த பேன்ட்டைத் தூக்கிப் போட்டுட்டேன். ஹோஸை மாட்டும்போது ரெண்டு கொக்கியும் சரியா விழுந்துச்சான்னு திருகிப் பாருங்க. நடுவில் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு முழங்கை பாகம் மாட்டிக்கிட்டா நல்லது. உள்ளே என்ன போகுதுன்னு பார்க்கிறதில் அழகு ஒண்ணும் இல்லை, ஆனா எப்போ சுத்தமாச்சுன்னு அது ஒண்ணுதான் உண்மையைச் சொல்லும்.

எப்பவுமே முதல்ல பிளாக். தயங்கித் தயங்கித் திறக்காதீங்க, ஒரே இழுப்பா முழுசாத் திறங்க. அந்த வேகம்தான் எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போகும். அதனாலதான் டேங்க் குறைஞ்சது மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்ச பிறகு காலி பண்ணுங்கன்னு சொல்றது. கால்வாசி இருக்கும்போது திறந்தா தண்ணி மேல மேலப் போயிடும், கெட்டி தங்கிடும். நிறையலைன்னா தண்ணி ஊத்தி நிரப்பிட்டுத் திறங்க. ஓடி முடிஞ்சதும் பிளாக்கை மூடிட்டு கிரே வால்வைத் திறங்க. சோப்புத் தண்ணி ஹோஸைக் கழுவிடும். இதுக்காகவே ஃபுல் ஹூக்கப்ல இருந்தாலும் கிளம்புறதுக்கு ஒரு நாள் முன்னாடி கிரே வால்வையும் மூடி வெச்சுக் கொஞ்சம் சேர்த்துக்குங்க.

ஹோஸைக் கழட்டும்போது டிரெய்லர் பக்கத்து நுனியை முதல்ல உயர்த்திப் பிடிங்க, மிச்சம் ஓட்டைக்குள்ள ஓடிடும். டம்ப் ஸ்டேஷன்ல இருக்கிற குழாயில் குடிக்கிற தண்ணி பிடிக்காதீங்க. அதுல முந்தினவர் என்ன ஹோஸைக் கழுவினார்னு உங்களுக்குத் தெரியாது. உங்க குடி தண்ணி ஹோஸும் கழுவுற ஹோஸும் ஒரே நிறத்தில் இருக்கவே கூடாது, ஒரே பெட்டியிலும் இருக்கக் கூடாது. தரையில் சிந்தினதைக் கழுவி விட்டுட்டு, கிளவுஸைக் குப்பையில் போட்டுட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. பின்னாடி ஆள் காத்திருக்காங்கன்னு இதை மட்டும் விட்டுடாதீங்க. நோரோவைரஸ், ஹெபடைடிஸ் ஏ எல்லாம் இந்த வழியாத்தான் வரும்.

நான் இதையெல்லாம் செஞ்சுக்கிட்டிருக்கும்போது அம்மா டிரக்ல உக்காந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. மடியில் தண்ணி பாட்டில், என் மனைவியோட கட்டளை. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏன்டா, இதுக்கெல்லாம் இங்கே ஆள் கிடையாதா?"ன்னு கேட்டாங்க. இல்லைம்மா, அவங்கவங்க வீட்டுது அவங்கவங்கதான்னேன். வரிசையில் எனக்குப் பின்னாடி நின்ன பெரிய கோச் வண்டிக்காரரும் கிளவுஸ் மாட்டிக்கிட்டிருந்தார். அம்மா ஒண்ணும் பேசலை. எனக்கு ஆதம்பாக்கம் வீட்டு செப்டிக் டேங்க் ஞாபகம் வந்தது. சின்ன வயசுல அதைச் சுத்தம் பண்ண ஆளுங்க வருவாங்க, என்னை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்திடுவாங்க. அந்த ஆளுங்க முகம் ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்லை. மனுஷனை உள்ளே இறக்கக் கூடாதுன்னு 2013ல சட்டம் வந்த பிறகும் விஷவாயுல செத்துப் போறவங்க செய்தி இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. அந்த ஹோஸைக் கழுவின அஞ்சு நிமிஷமும் அதுதான் மனசுல ஓடினது.

சரி, கழுவுறதுக்கு வர்றேன். அன்னைக்கு ஒரு தடவை காலி பண்ணினது போதலை. கண்ணாடி முழங்கையில் முதல்ல வந்தது கருப்பு, பிறகு கட்டி கட்டியா. மூடிட்டு மறுபடி தண்ணி நிரப்பித் திறந்தேன். மூணாவது தடவைதான் தெளிஞ்சது. பின்னாடி நின்னவங்ககிட்ட முன்னாடியே சொல்லி, அவங்களை முதல்ல போகச் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் ஆகும்னா அதுதான் மரியாதை.

நிறைய டிரெய்லர்ல டேங்க்கை உள்ளேயிருந்து பீச்சிக் கழுவ வெளியே ஒரு தனி இணைப்பு இருக்கும். நல்ல வசதி. ஒரே ஒரு எச்சரிக்கை. பிளாக் வால்வை மூடி வெச்சுக்கிட்டு அதைத் திறந்து விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடாதீங்க. டேங்க் நிரம்பினா தண்ணிக்குப் போறதுக்கு ரெண்டே வழி. ஒண்ணு கூரை மேல இருக்கிற காத்துக் குழாய், இன்னொண்ணு உங்க டாய்லெட். நான் ஃபோன்ல 3 நிமிஷம் டைமர் வெச்சுக்கிட்டு அங்கேயே நிப்பேன். இந்த இணைப்பு இல்லாதவங்களுக்கு டாய்லெட் வழியா விட்டுப் பீச்சுற நீளமான குழாய் கிடைக்குது. சாதாரணமா அதுவே போதும்.

ஐஸ் கட்டி போட்டு ஓட்டினா டேங்க் உள்ளே தேச்சுக் கழுவிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. தண்ணியில மிதக்கிற ஐஸ் எதைத் தேய்க்கும்? நான் செஞ்சு பார்த்தேன், ரெண்டு பை ஐஸ் வீணாச்சு, ஜூஸுக்காவது ஆகியிருக்கும்.

கெமிக்கல் பத்தி. நாத்தத்தை அடக்க ஃபார்மால்டிஹைட் கலந்த மருந்துகள் இன்னும் கடைகளில் இருக்கு. அது நுண்ணுயிரைக் கொன்னுடும். நிறைய கேம்ப்கிரவுண்ட்ல கழிவு போறது செப்டிக் டேங்க்குக்கு, அங்கே வேலையைச் செய்யறதே நுண்ணுயிர்தான். அதைக் கொன்னா அவங்க செப்டிக் கெட்டுப் போகும். கலிபோர்னியாவில் இந்த வகைக்குத் தடையே இருக்கு. என்சைம், பாக்டீரியா வகை வாங்குங்க. லேபிளைப் படிச்சிட்டு வாங்குங்க. ஆனா எந்த மருந்தும் தண்ணிக்குப் பதில் ஆகாது. காலி பண்ணினதும் வால்வை மூடி, குறைஞ்சது ஒரு ரெண்டு கேலன் தண்ணி ஊத்தி, அதில் மருந்தைக் கலந்து விடுங்க. தரை மூழ்கியிருக்கணும். விழுறது தண்ணியில விழணும்.

பேப்பருக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு பாட்டில் தண்ணியில நாலு துண்டு போட்டுக் குலுக்குங்க. கூழாக் கரைஞ்சா அதை யூஸ் பண்ணலாம், டிரெய்லருக்குன்னு விலை அதிகமா விக்கிறதுதான் வேணும்னு இல்லை. ஈர வைப்ஸ், ஃப்ளஷ் பண்ணலாம்னு பாக்கெட்லயே போட்டிருந்தாலும், டேங்க்ல வேண்டவே வேண்டாம்.

நாத்தம் வருதுன்னு எழுதினவங்களுக்கு. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது பெடலை அழுத்தினா, அந்த ஃபேன் டேங்க் காத்தை வீட்டுக்குள்ள இழுக்கும். அந்த நேரம் ஃபேனை நிறுத்துங்க. டாய்லெட் கிண்ணத்தில் எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அது நிக்காம இறங்கினா, மூடியைச் சுத்தி இருக்கிற ரப்பர் போயிடுச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க. பல சமயம் நாத்தம் பிளாக்கிலிருந்து வர்றதே இல்லை, கிரேயிலிருந்துதான். நம்ம சமையல்ல எண்ணெய், பருப்பு, கறிவேப்பிலை, கடுகு, சோத்துப் பருக்கை எல்லாம் சிங்க்ல போய் அந்த டேங்க்ல அழுகுது. தட்டையும் வாணலியையும் பேப்பர் டவலால் துடைச்சுக் குப்பையில் போட்டுட்டுக் கழுவுங்க. சிங்க்ல மெல்லிய வலை. கடுகு எந்த வலையிலும் நுழைஞ்சிடும், அதுக்கு நான் வழி கண்டுபிடிக்கலை.

அம்மா விஷயத்தை முடிச்சிடுறேன். அன்னைக்கு ராத்திரி அவங்க பக்கத்துல உக்காந்து, டேங்க் நிறையவே இல்லைம்மா, தண்ணி இல்லாம காய்ஞ்சுதான் போச்சு, இதுக்கு நீ நிறையத் தண்ணி விட்டாத்தான் நல்லதுன்னு சொன்னேன். அவங்க நம்பலை. "தண்ணி விட்டா நிறையாதாடா?" நிறையும், நிறைஞ்சா போய்க் கொட்டிட்டு வருவேன், அரை மணி நேர வேலை, அதுக்குத்தானே நான் இருக்கேன்னேன். அம்மா எப்பவும் பேப்பர் தொட மாட்டாங்க, சின்ன மக்ல தண்ணி எடுத்துத்தான் கழுவுவாங்க. யோசிச்சுப் பார்த்தா, பிளாக் டேங்க்குக்கு இதைவிட நல்ல பழக்கம் கிடையாது. பேப்பர் இல்லை, தண்ணி உண்டு. டேங்க் ரெண்டு நாள் முன்னாடி நிறையும், ஆனா அடைக்காது. ஊருக்கு வந்ததும் டாய்லெட் பக்கத்துல கையில பிடிச்சுப் பீச்சுற ஹோஸ் ஒண்ணு மாட்டிட்டேன். அம்மா அதைப் பார்த்து, "இதை முதல்லயே வெச்சிருக்கலாம்ல"ன்னாங்க. வெச்சிருக்கலாம்தான்.

ஆகஸ்ட்ல அதே டிரெய்லர்ல இன்னொரு பயணம் போனோம். இந்தத் தடவை ஃபுல் ஹூக்கப்ல பிளாக் வால்வ் மூடியே இருந்தது. தினமும் காலையில் ஒரு பக்கெட் தண்ணியை டாய்லெட்ல ஊத்துற வேலையை அம்மாவே எடுத்துக்கிட்டாங்க. ஊத்துற தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி. சும்மா போகுதேன்னு. அது டேங்க்குக்கு நல்லதா கெட்டதான்னு என்கிட்ட கேக்காதீங்க. நான் தடுக்கலை.

கடைசியா ஒரு அறிவிப்பு. அடுத்த எபிசோடில் ஃபிரெஷ் டேங்க்கைப் பிளீச் போட்டுச் சுத்தம் பண்றதும், குளிர்காலத்துக்குக் குழாய்களைத் தயார் பண்றதும். கனடாவிலிருந்து கேக்குறவங்க உங்க ஊர் அனுபவத்தை எழுதி அனுப்புங்க, டெக்சாஸ்காரன் நான் பனியைப் பத்திப் பேசுறதில் ஒரு அளவு இருக்கு.